ஹோமிலிருந்து வெளியே வரும் முன் கையில் வாங்க வேண்டிய காகிதங்கள்

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் மனு எழுதித் தரச் சொல்லி வந்தாள், வயது 19. ஐந்து வயதில் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா குழந்தைகள் ஹோமில் சேர்த்தார், இரண்டே வருடத்தில் அவரும் இறந்துபோனார். 18 முடிந்ததும் ஒரு பெட்டி, டி.சி., கேக் வெட்டின போட்டோ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பதிமூன்று வருடம் அங்கே வளர்ந்ததற்கு அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சாதிச் சான்றுக்கு ஆறு தடவை அலைந்திருக்கிறாள், ஆறு தடவையும் ஒரே கேள்வி: அப்பாவுடைய சான்று எங்கே?

அவளோடு போய் அந்த ஹோமின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஓரம் பிய்ந்த நீள நோட்டு. அவள் பெயருக்கு நேரே "தகப்பன் தொழில் கடல், திரும்பவில்லை" என்று நீல மையில் ஒரு வரி, பக்கத்தில் அம்மாவின் கைநாட்டு. அவளுக்கு உலகத்தில் இருக்கிற ஆதாரம் அவ்வளவுதான். அதை நகல் எடுக்க மேலிடத்தில் கேட்க வேண்டுமாம்.

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற பிள்ளைகளும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. ஆனால் சிக்கல் நிபந்தனையில் இருக்கிறது: பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்திருக்க வேண்டும், பார்த்துக்கொள்ள வேறு யாரும் இருக்கக்கூடாது, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றையும் காட்ட ஹோம் பதிவேட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஹோமில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பார்கள். அவர்களுக்கு இந்த வழி இல்லை, பெற்றோரின் சாதியை வைத்துத்தான் கேட்க வேண்டும். இதைச் சொல்லாமலே மாதக்கணக்கில் அலையவிடுகிறார்கள்.

கடலில் காணாமல் போனவருக்கு இறப்புச் சான்று கிடையாது, நம் பக்கத்துப் பிள்ளைகள் மாட்டுவது இங்கேதான். ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்தவராகக் கருதலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் ஆபீசில் அதை வாயால் சொன்னால் எடுபடாது, நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள். அதற்கு அன்று போலீசிலோ மீன்வளத் துறையிலோ கொடுத்த புகாரின் நகல் வேண்டும். வீட்டுத் தகரப் பெட்டியை இன்றைக்கே கிளறிப் பாருங்கள்.

அடுத்த பொறி விடுதி. பெயர்ப் பலகையில் இல்லம் என்று போட்டிருந்தாலும் அது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவான இல்லமா, மாணவர் விடுதியாகப் பதிவானதா என்று பாருங்கள். விடுதி என்றால், பிள்ளையை இல்லத்தில் சேர்க்கச் சொல்லும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு பெரும்பாலும் இருக்காது. இல்லத்தை விட்டு வந்த பிறகு 18 முதல் 21 வயது வரை கிடைக்கக்கூடிய பிற்காப்பு உதவியும் அதோடு நழுவிவிடும். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் அது. தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள், 18 முடியும் முன்பே மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுதிக் கொடுங்கள்.

வெளியே வரும் முன் கேட்க வேண்டியவை: சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், நலக் குழுவின் உத்தரவு, உங்களுக்கென்று எழுதிவைத்த தனிநபர் பராமரிப்புத் திட்டம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தீர்கள் என்ற கடிதம், இல்லத்தின் பதிவுச் சான்று நகல். எல்லாவற்றிலும் முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். பிறந்த தேதியையும் சரிபாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டிருப்பார்கள், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரைக்கும் அதுதான் போகும். பிறப்பே பதிவாகவில்லை என்று இப்போது கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் அதிலும் அதே தேதி இருக்கட்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் மறுபடி அலைச்சல்.

ரகசியம், தரமாட்டோம் என்பார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு பிள்ளையின் அடையாளத்தை ஊருக்கு வெளியிடக்கூடாது என்கிறது, அந்தப் பிள்ளையிடமே அவள் கோப்பை மறைக்கச் சொல்லவில்லை. தனியார் ஹோமிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு மல்லுக்கட்டாமல், பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு. தொண்டியிலோ மண்டபத்திலோ பிறந்த பிள்ளை மதுரையில் வளர்ந்திருந்தால் இங்கே கேள், அங்கே கேள் என்பார்கள். எங்களிடம் இல்லை என்றால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை, பிரிவு 6(3). நான் இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே நாளில் போட்டுவிடுவேன், அவர்களை நம்பி உட்கார முடியாது.

இன்னொன்று. பழைய காகிதத்தில் சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருக்கும், இப்போது அது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை. 1920ஆம் ஆண்டு மெட்ராஸ் குழந்தைகள் சட்டத்திலிருந்து சட்டமும் பெயரும் மாறிக்கொண்டேதான் வருகின்றன. துறை பெயர் பொருந்தவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் எழுத்தில் கேளுங்கள், பாதிப் பேர் அத்தோடு வாங்கிக்கொள்வார்கள்.

கடைசியில் பதிவேட்டுப் பக்கத்தை முத்திரையோடு வாங்கிவிட்டோம். அவள் மனு போன திங்கட்கிழமை உள்ளே போயிருக்கிறது. ரசீதில் அவள் பெயரையே தப்பாக அடித்திருந்தார்கள், அங்கேயே நின்று திருத்தி வாங்கிய பிறகுதான் பஸ் ஏறினோம்.