தளம் போடுவதற்கு முதல் நாள்

எங்கள் வீட்டு மாடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று விடியும்போதே மிக்ஸர் மிஷின் வாசலில் வந்து நின்றுவிட்டது. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கம்பிகளுக்கு நடுவே எலக்ட்ரிஷியன் பைப்பும் ஓட்டி முடித்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் இறங்கியபோது பாதித் தளம் முடிந்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டே மேஸ்திரி கேட்டார்: "ஏன் சார், நடு ரூமுக்கு ஃபேன் பாக்ஸ் வேண்டாமா?"

வேண்டும்தான். ஆனால் வைக்கவில்லை. பிளானிலேயே இல்லை.

முதல் நாள் சாயங்காலம் கவனித்திருந்தால் ஒரு இரும்புப் பெட்டியும் பத்து நிமிஷ வேலையும். இரண்டு மாதம் முன்பு கவனித்திருந்தால் பிளானில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். கான்கிரீட் இறுகிய பிறகோ, சாரத்தின் மேல் ஏறி, தலைக்கு மேல் ட்ரில் பிடித்து, போல்ட் அடித்து, ஒயரை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டியதாயிற்று. இன்றும் அந்த ரூமில் மல்லாந்து படுத்தால் கூரையில் ஓடும் வெள்ளைப் பட்டி கண்ணில் குத்துகிறது.

திட்ட மேலாண்மைப் பாடத்தில் முதலில் வரைந்து காட்டும் படம் இந்தப் பட்டியின் கதைதான். இரண்டு கோடுகள். ஒன்று, நினைத்ததை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம். தொடக்கத்தில் உச்சியில் இருந்து நாள் போகப்போக இறங்கும். மற்றொன்று, மாற்றுவதற்கு ஆகும் செலவு. அடியில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். ஒரு திட்டத்தின் வாழ்க்கைச் சுழற்சி என்கிறார்களே, அதில் நாம் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதன் பயனே இதுதான். கையில் இருப்பது ரப்பரா, உளியா?

இந்தத் தவறை மிகப் பெரிய அளவில் செய்து காட்டிய கட்டடம் சிட்னி ஆபெரா ஹவுஸ். 1957-ல் நடந்த போட்டியில் டென்மார்க் கட்டடக் கலைஞர் ஜோர்ன் உட்சோனின் வரைபடம் வென்றது. பாய்மரம் விரித்த மாதிரியான அந்தக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் 1959 மார்ச்சில் வேலை தொடங்கிவிட்டது. தாமதித்தால் மக்கள் ஆதரவும் பணமும் கைநழுவும் என்று நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் ஜோசப் கேஹிலுக்குப் பயம். அரசியல்வாதியாக அவர் கணக்குத் தப்பில்லை என்றே நினைக்கிறேன். அன்று தொடங்காவிட்டால் அந்தக் கட்டடம் வராமலே போயிருக்கலாம். ஆனால் விலை? கூரையின் வடிவம் ஒரே கோளத்திலிருந்து வெட்டிய துண்டுகள் என்று முடிவானது 1961 வாக்கில். அதற்குள் அடித்தளத் தூண்கள் எழும்பிவிட்டன. புதிய கூரையின் பாரத்தை அவை தாங்காது என்பதால் தூண்களைத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963-ல் முடிய வேண்டியது, 10 கோடியே 20 லட்சம் டாலர் விழுங்கி 1973-ல்தான் திறக்கப்பட்டது. உட்சோன் 1966-லேயே விலகிவிட்டார். முடிந்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம். தொடங்குதல், திட்டமிடுதல், செய்தல், கண்காணித்தல், முடித்தல் என்று ஐந்தைச் சொல்வார்கள். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரும் கட்டங்கள் என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுகிறவர்கள் ஏராளம். இவை செயல்முறைகள். கட்டங்கள் வேறு: கடைக்கால், சுவர், தளம், பூச்சு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்த ஐந்தும் ஒரு சுற்று வந்து போகும். கடைக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழம் என்று மண்ணைப் பார்த்து முடிவு செய்கிறோம். ஆள், ஜல்லி, சிமெண்ட்டுக்கு ஏற்பாடு செய்கிறோம். தோண்டுகிறோம். டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிறோம். கடைசியில் கூலிக் கணக்கை முடிக்கிறோம். பிறகு ஒரு நாள் நிறுத்தி, அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு "பொறுங்கள்" என்று பதில் சொல்லும் அதிகாரம் யாரிடமாவது இருக்க வேண்டும். சிட்னியில் அவசரம் அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டது.

சரி, கட்டங்கள் தெரிந்துவிட்டன. எது தாமதமானால் எது தாமதமாகும்? போலந்துப் பொறியாளர் கரோல் அடாமியேட்ஸ்கி 1896-லேயே வேலைகளைப் பட்டைகளாக வரைந்தார். ஆனால் அந்தப் படத்துக்குக் காண்ட் சார்ட் என்றுதான் பெயர்; பெருமை பிற்பாடு வந்த அமெரிக்கர் ஹென்றி காண்ட்டுக்குப் போனது. வேலைகளுக்கு இடையிலான சார்பைக் கணக்காகவே போடும் முறை 1950-களின் இறுதியில் டூபாண்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தில் பிறந்தது. அதற்குக் கிரிட்டிகல் பாத் முறை என்று பெயர். ஒரு நாள் தாமதித்தாலும் மொத்த வேலையையே தள்ளிவிடும் வேலைகளின் சங்கிலிதான் கிரிட்டிகல் பாத்.

தளம் போட்ட பிறகு இருக்கும் வேலைகளை வைத்துப் பார்ப்போம். சென்ட்ரிங் பிரிக்க 14 நாள், பூச்சுக்கு 6, தரை டைல்ஸுக்கு 7, பெயிண்ட்டுக்கு 8. ஒன்று முடிந்தால்தான் மற்றது. மொத்தம் 35 நாள். இதற்கிடையில் கதவு செய்ய ஆசாரிக்கு 20 நாள் வேண்டும். பட்டறையில் நடக்கும் வேலை, பெயிண்ட்டுக்கு முன் வந்துவிட்டால் போதும். அதாவது அவருக்கு 27 நாள் அவகாசம், 7 நாள் உபரி. ஆசாரி 5 நாள் இழுத்தடித்தால் கிரகப்பிரவேசத்துக்கு ஒன்றும் ஆகாது. டைல்ஸ்காரர் 5 நாள் வராவிட்டால் ஐயரிடம் வேறு முகூர்த்தம் கேட்க வேண்டியதுதான். ஆனால் நாமோ தினமும் ஆசாரிக்குப் போன் போட்டுத் திட்டுவோம், டைல்ஸ்காரரை மறந்துவிடுவோம். ஆசாரியே 10 நாள் தாமதித்தால் கதை மாறும். உபரி 7 நாளும் கரைந்து, கிரிட்டிகல் பாத் அவர் பட்டறை வழியாக ஓடத் தொடங்கும். மொத்தம் 38 நாள். ஆகவே ஒருமுறை போட்ட கணக்கை வாராவாரம் திரும்பப் போட வேண்டும்.

"6 நாள்" என்று சொல்வதே ஒரு ஊகம்தானே என்று கேட்கலாம். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் 1958-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, எல்லாம் சொதப்பினால் எத்தனை என்று மூன்றையும் கேட்பது. 3, 5, 13 என்றால், நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க, 6 நாள். மழைக்காலத்துக் கொத்தனாரை வைத்து வேலை வாங்கியவர்களுக்கு அந்த 13 ஏன் கணக்கில் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

எல்லாத் திட்டமும் கான்கிரீட் இல்லை. மென்பொருளில் எழுதியதை நாளைக்கே மாற்றலாம். உளிச் செலவு குறைவு. அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் செய்து, காட்டி, திருத்திக்கொள்ளும் அஜைல் முறை அங்கே எடுபடுகிறது. அருவி மாதிரி மேலிருந்து கீழே மட்டும் போகும் பழைய முறைக்கு 1970-ல் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையை மூலமாகக் காட்டுவார்கள். அவர் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து என்றுதான் எழுதினார். படத்தைப் பார்த்தவர்கள் அடுத்த வரியைப் படிக்கவில்லை போலும்.

கடைசிச் செயல்முறையான முடித்தலுக்குப் பொதுவாக மரியாதையே கிடையாது. சாவி வாங்கியாயிற்று, சாப்பாடு போட்டாயிற்று, அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம். வரைந்தது எது, உண்மையில் கட்டியது எது என்று பதிந்து வைப்பதும் இதில் சேர்ந்ததே. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பும் சுவர் பூசுவதற்கு முன்பும் பைப் ஓடும் வழியை போனில் நாலு போட்டோ எடுத்திருந்தால் போதும். நான் எடுக்கவில்லை. அந்த நடு ரூமில் காலண்டருக்கு ஆணி அடிக்க வேண்டுமென்றால் முதலில் மெயினை ஆஃப் செய்துவிட்டு, சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.