மேட் என்றால் பாய் அல்ல

சிங்கப்பூரில் நண்பர் ஒருவர் தம்முடைய நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கூடத்தில், தாமே எடுத்து அச்சிட்ட எட்டுப் புகைப்படங்களைச் சட்டம் போட்டு மாட்டினார். தீபாவளிக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஆங்கிலத்தில் ஒரு சிறு குறிப்பு. தமிழாக்கம் என் பொறுப்பு. 'ஒயிட் மேட்' என்று வந்த இடத்தில் யோசிக்காமல் 'வெண்ணிறப் பாய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருடைய அம்மா படித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, பாயை எதுக்குப் படத்துக்குள்ள வச்சிருக்கீங்க?"

நியாயமான கேள்வி. படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, நான்கு பக்கமும் அகலமாகத் தெரியும் அட்டைதான் மேட். நடுவில் சன்னல்போல் வெட்டி எடுத்திருப்பார்கள். நல்ல கடைகளில் அந்த வெட்டு 45 பாகைச் சாய்வில் இருக்கும். அதனால்தான் படத்தைச் சுற்றி அட்டையின் உள்நிறம் மெல்லிய கோடாகத் தெரிகிறது.

ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டு ஒன்றுதான், சொற்கள் இரண்டு. தரையில் விரிக்கும் மேட், பிற்கால லத்தீனின் 'மத்தா'விலிருந்து வந்தது. படத்து மேட் வந்த வழி வேறு. பிரெஞ்சில் 'மாத்' என்றால் மங்கலான, பளபளப்பு இல்லாத என்று பொருள். ஐரோப்பியச் சட்டங்களுக்குப் பொன்தகடு ஒட்டும்போது சில இடங்களை மெருகேற்றுவார்கள், சில இடங்களை மங்கலாகவே விடுவார்கள். படத்தை ஒட்டியிருந்த அந்த மங்கல் பொன் விளிம்பின் பெயர் பிறகு அட்டைக்கும் வந்துவிட்டது.

அப்படியானால் படம் அச்சிடப் போகும்போது "குளோஸியா, மேட்டா?" என்று கேட்கிறார்களே, அந்த மேட்டும் இதுவும் உடன்பிறப்புகள். வாசலில் கிடக்கும் மேட்டோடு இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. சதுரங்கத்தின் செக்மேட்டில் இருக்கும் பாரசீக 'மாத்'தும் இந்தக் குடும்பம்தான் என்று ஒரு கருத்து உண்டு. தோற்றவன் முகம் மங்குவது பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாய்வாளர்கள் எல்லாரும் அதை ஏற்கவில்லை.

பிரிட்டிஷ் வழக்கில் படத்து மேட்டுக்கு 'மவுண்ட்' என்று பெயர். மவுண்ட் ஃபேபரும் மவுண்ட் எலிசபெத்தும் உள்ள ஊரில் இதை மொழிபெயர்க்கப் போனால் பாயிலிருந்து மலைக்குப் போய்விடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் இன்று சொல்வது 'பாஸ்பர்த்தூ'. எங்கும் செல்லக்கூடியது என்று பொருள். எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் சாவிக்கும் அதே பெயர்.

தமிழில் என்ன சொல்வது? ஃப்ரேமுக்குச் 'சட்டம்' போதும். கதவுக்கும் சன்னலுக்கும் மரச்சட்டம் என்று பழகிய சொல்தான் அது. நீதிமன்றச் சட்டத்தோடு யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் பழைய தலைமுறை சட்டத்தைக்கூடச் சொல்லாது. "படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டு" என்றுதான் சொல்லும். சாமி படமோ கல்யாணப் படமோ, கண்ணாடிதான் கௌரவம். உள்ளே அட்டை கிடையாது, படம் நேராகக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

சிங்கப்பூரில் அதுதான் வினை. இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பழைய புகைப்படத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் தாத்தாவின் பாதி முகம் கண்ணாடியோடு வந்துவிடும். மேட் கண்ணாடிக்கும் அச்சுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இடம் விடுகிறது. பார்வைக்குச் சிறிய அளவு, வேலை பெரியது. அட்டையும் அமிலமற்றதாக, பருத்தி நாரில் செய்ததாக இருந்தால் நல்லது. மலிவான மரக்கூழ் அட்டை நாளாக ஆகப் பழுத்து, சன்னல் ஓரமாகப் படத்தின்மேல் பழுப்புக் கோடு போட்டுவிடும்.

அப்புறம் இன்னொன்று. இரவில் குளிர்சாதனம், பகலில் புழுக்கம் என்று இருக்கும் அறையில் தாள் விரிந்து சுருங்கும். நான்கு ஓரமும் ஒட்டினால் அலையலையாக மடிந்துவிடும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு துண்டு ஜப்பானியத் தாளால் தொங்கவிட்டு, மற்றதைச் சும்மா விடுவதுதான் முறை.

எனக்குக் கிடைத்த சொற்கள் நான்கு. 'உட்சட்டம்' என்றால் மரம் என்று தோன்றும். 'சாளர அட்டை' அழகு, ஆனால் விளக்கம் கேட்கும். 'விளிம்பட்டை' கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது, மோசமில்லை. என் தேர்வு 'இடையட்டை'. இடையில் இருப்பது, இடைவெளி தருவது, இரண்டும் அந்த ஒரு 'இடை'யில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலச் சொல் மங்கலைப் பார்த்துப் பெயர் வைத்தது; நம் ஈரத்தில் அது செய்யும் வேலையைப் பார்த்து நாம் வைக்கலாம். கடையில் போய் இடையட்டை கேட்டால் விழிப்பார்கள், அங்கே மேட் என்றே கேளுங்கள்.

நண்பர் வீட்டுக் குறிப்பைத் திருத்திவிட்டேன். "பருத்தித் தாளில் அச்சு, வெண்ணிற இடையட்டை, தேக்குச் சட்டம்." அம்மா மறுபடி படித்தார். இந்த முறை கேட்டது தேக்கின் விலையை.