குழந்தைச் சாட்சி: சொல்லும் பொருளும்

குற்ற வழக்கில் தான் கண்டதையோ தனக்கு நேர்ந்ததையோ நீதிமன்றத்தில் சொல்ல வரும் சிறு பிள்ளையைக் ‘குழந்தைச் சாட்சி’ என்கிறோம்.

சாட்சி வடசொல். ‘சாக்ஷின்’ என்பதன் தமிழ் வடிவம். அதற்குள் இருக்கும் ‘அக்ஷ’ கண்ணைக் குறிக்கும். கண்ணால் பார்த்தவர் என்பதே வேர்ப்பொருள். பழந்தமிழில் இதற்குக் ‘கரி’ என்று பெயர். ‘இந்திரனே சாலுங் கரி’ என்று 25ஆம் குறளில் வருவது அதுதான். இன்று கரி என்றால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும். ஆளுக்குச் ‘சான்றாளர்’, அவர் சொல்வதற்குச் ‘சான்றுரை’ என்று பிரித்துச் சொல்வதே நல்லது. சாட்சி என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்தச் சொல்லைக் கோர்ட்டில் முதன்முதலாகக் கேட்பதில்லை. கிறிஸ்தவச் சபைக் கூட்டத்தில் பெரியவர்கள் எழுந்து ‘சாட்சி சொல்வதை’ப் பார்த்திருப்பார்கள். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையை ‘வேதசாட்சி’ (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்) என்றே அறிந்திருப்பார்கள். அங்கே சாட்சி என்பது விசுவாசத்தை அறிக்கையிடுவது. கோர்ட் கேட்பது அதை அல்ல, பார்த்ததை மட்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

சரி, எத்தனை வயதுப் பிள்ளை சாட்சி சொல்லலாம்? சட்டம் வயது எதையும் குறிக்கவில்லை. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவும், அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 124ஆம் பிரிவும் பார்ப்பது ஒன்றைத்தான்: கேள்வி புரிகிறதா, பொருத்தமாகப் பதில் சொல்ல முடிகிறதா? அதை அறிய நீதிபதி முதலில் சில கேள்விகள் கேட்பார். நாகர்கோவில் பேச்சில் சொன்னால், “மக்களே, எத்தனாம் கிளாஸ் படிக்க? பொய் சொல்லலாமா?” என்பதுபோல. இதற்கு ‘முன்வினா’ என்ற பெயர் போதும் என்பது என் கருத்து. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உண்மை பேச வேண்டும் என்று தெரிந்து, சத்தியப் பிரமாணம் மட்டும் விளங்கவில்லை என்றால், பிரமாணம் இல்லாமலே விசாரிக்க 1969ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டம் இடம் தருகிறது.

அப்புறம், ‘சொல்லிக்கொடுத்த சாட்சி’ என்ற பேச்சு எப்போதும் எழும். அது நியாயமான ஐயம்தான். அதனால்தான் நீதிமன்றம் பிள்ளையின் சான்றுரையைக் கவனமாக எடை போடுகிறது. நம்பத்தக்கது என்று பட்டால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம். ஆனால் ஐயத்தைத் தீர்க்கிறோம் என்று பிள்ளையை மிரட்ட யாருக்கும் உரிமை இல்லை. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் இரு தரப்பு வக்கீல்களும் கேள்வியை நீதிபதியிடம்தான் கொடுக்க வேண்டும். பிள்ளையிடம் அதைக் கேட்பவர் நீதிபதி.