பூ மழைக்குக் காத்திருக்கும் மொட்டு

பெங்களூரின் அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மல்லேஸ்வரத்தில் ஒரே கடையில், சிக்கமகளூரின் அடுத்தடுத்த இரண்டு எஸ்டேட் காபிக் கொட்டைகளை வாங்கி அரைத்தாராம். இரண்டும் அராபிகா வகை, இரண்டும் பிளான்டேஷன் ஏ தரம், சிக்கரி கிடையாது. ஒன்றில் டிகாக்ஷன் இறங்கும்போதே கூடம் வரை மணந்தது. மற்றது நாக்கில் துவர்த்தது. "பக்கத்துப் பக்கத்துத் தோட்டம்தானே, ஏன் இப்படி?" என்று கேட்கிறார்.

முதல் காரணம் உயரம். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். குளிரில் பழம் நிதானமாகப் பழுக்கும், விதை இறுகும், இரவுச் சுவாசத்தில் சர்க்கரை அதிகம் கரையாது. சில்வர் ஓக்கும் பலாவும் தரும் நிழலும் ஓரளவு இதே வேலையைச் செய்கிறது. சரி, ஒரே உயரத்தில், ஒரே மாதிரி நிழலில் இருக்கும் தோட்டங்கள் கூட வேறுபடுகின்றனவே? அங்கேதான் மழை வருகிறது.

காபிச் செடியின் பூமொட்டு சில மில்லிமீட்டர் வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மண் காய்ந்துகொண்டே போகும், மொட்டு அசையாது. ஈரம் கிடைக்காமல்தானே நின்றது, தினமும் தண்ணீர் ஊற்றினால் பூத்துவிடாதா? பூக்காது! நீர்ப் பற்றாக்குறையை அனுபவிக்காத மொட்டு உறக்கத்திலேயே கிடக்கும் என்று 1960-இல் பிரேசில் தாவர ஆய்வாளர் பாவ்லோ ஆல்விம் காட்டினார். அதாவது தாகம் அதற்கு ஒரு தேவை. வறட்சியில் காய்ந்து, பிறகு திடீரென்று நனைய வேண்டும். அப்போதுதான் மொட்டுக்குள் ஹார்மோன்களின் தராசு சாய்கிறது: உறக்கத்தில் வைத்திருந்த அப்சிசிக் அமிலம் இறங்க, வளரத் தூண்டும் ஜிப்ரலின் ஏறுகிறது. எட்டு, பத்து நாளில் மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று மல்லிகை வாசனை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இந்த மார்ச், ஏப்ரல் மழையைத் தோட்டக்காரர்கள் பூ மழை என்பார்கள். நல்லதாக ஒரு அங்குலமாவது விழ வேண்டும். ஆனால் கோடை இடிமழை எங்கும் ஒன்றுபோலப் பெய்வதில்லை. இந்தச் சரிவில் கொட்டித் தீர்க்கும், ஓடைக்கு அந்தப் பக்கம் தூறலோடு நின்றுவிடும்.

ஒரே மழையில் மொத்தமாகப் பூத்த தோட்டத்தில், எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பழங்களும் ஏறக்குறைய ஒன்றாகச் சிவக்கும். விட்டுவிட்டுத் தூறிய தோட்டத்தில் மூன்று நான்கு தடவையாகப் பூக்கும். ஒரே கிளையில் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் தொங்கும். பலமுறை சுற்றிவந்து பறிக்க ஆள் கூலி கட்டாது. பச்சையும் கூடைக்குள் போய்விடும். பச்சைக் காயில் சர்க்கரை குறைவு, துவர்க்கும் குளோரோஜெனிக் அமிலங்கள் அதிகம். பிளான்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் பெரிய கொட்டை என்றுதான் சொல்கிறது. பழுத்ததா என்று சல்லடைக்குத் தெரியாது. கழுவுவதிலும் காயவைப்பதிலும் கூடச் சுவை கெடலாம். இருந்தாலும் துவர்ப்பு என்றதும் என் சந்தேகம் பச்சைக் காயின் மேல்தான்.

பழைய எஸ்டேட்டுகளில் தாத்தா காலத்திலிருந்து எழுதி வரும் மழைக் கணக்கு நோட்டுகள் உண்டு. அவற்றைத் திரட்டிக் கணினியில் ஏற்ற அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூ மழை தள்ளிப்போகிறதா, சிதறுகிறதா என்று ஒவ்வொரு சரிவுக்கும் பார்க்க, அதைவிட நெருக்கமான பதிவு வேறில்லை.

அல்சூர் வாசகிக்கு ஒரு சோதனை. அடுத்த முறை அரைக்கும் முன், வறுத்த கொட்டையில் ஒரு கைப்பிடி வாங்கி வெள்ளைத் தாளில் பரப்புங்கள். மற்றவை கருத்திருக்க, சில மட்டும் வெளுத்து நிற்கும். பழுக்காத கொட்டையில் நிறம் ஏறப் போதிய சர்க்கரை இல்லை. அதில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள், வேர்க்கடலைத் தோல் மாதிரி இருக்கும். இரண்டு எஸ்டேட்டிலும் எத்தனை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.