நத்தை ஓட்டுக்குள்ள ஒரு புல்லு

எங்க ஊரு சுங்கை சிப்புட், சிப்புட்னா மலாய்ல நத்தை. நம்ம ஒவ்வொரு காதுக்குள்ளயும் ஒரு நத்தை இருக்குங்க, காக்ளியான்னு பேரு, ரெண்டரை சுத்துக்கிட்ட சுருண்டு பட்டாணி சைஸ்ல இருக்கும். அப்பாவுக்கு காது மந்தமானப்பதான் இதெல்லாம் தேடித்தேடி படிச்சேன்.

அப்பா செம்பனை ஆலையில பாய்லர் பக்கத்துலயே 30 வருஷம் நின்னவரு, காதுல ஒண்ணும் மாட்டுனதில்ல. மொதல்ல குருவி சத்தம் போச்சு, அப்புறம் பேத்தி பேச்சு. "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் விளங்கல"ன்னுவாரு. நாங்க கூட கவனிக்காம இருந்துட்டு சாக்கு சொல்றாருன்னு நெனச்சோம், இல்லங்க, அது அப்பட்டமான உண்மை. அந்த நத்தைக்குள்ள மயிர் மாதிரி நுனி வெச்ச செல்லுங்க ஒரு காதுக்கு 15,000 கிட்ட இருக்கு, அதிர்வ கரண்டா மாத்தி நரம்புக்கு தள்ளி விடுறது அதுங்கதான். நத்தையோட வாய்ப்பக்கம் இருக்குறது கீச்சுச் சத்தத்துக்கு, உள்சுருள்ல இருக்குறது கனத்த சத்தத்துக்கு. இரைச்சல்ல மொதல்ல சாகுறது வாய்ப்பக்கத்து செல்லுங்க, அதனால ச, ஸ மாதிரி எழுத்தெல்லாம் காணாம போயி பேச்சு கலங்கிடுது. பறவைக்கு இந்த செல்லு திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது.

அப்பாவுக்கு ஹியரிங் எய்ட் போதும்னுட்டாங்க. சுத்தமா கேக்காதவங்களுக்கு வழி தேடுனவங்கள்ல ஒருத்தருதான் கிரேம் கிளார்க், 1935ல ஆஸ்திரேலியாவுல கேம்டன்ல பொறந்த காது டாக்டர். அவரு அப்பா மருந்துக்கடை வெச்சிருந்தாரு, காது சரியா கேக்காது, மருந்து வாங்க வர்றவங்க தன்னோட நோவ கடையே கேக்குற மாதிரி கத்தி சொல்லணும். அத பாத்து வளந்த பையன் பெரிய சர்ஜன் ஆகி, ஓடிட்டிருந்த தொழில விட்டுட்டு திரும்ப படிக்கப் போறாரு, பூனைங்களோட காது நரம்புல கரண்ட் வெச்சு ஆராய்ச்சி. செல்லு செத்தாலும் நரம்பு உயிரோட இருந்தா நேரா நரம்புக்கே கரண்ட் கொடுத்தா என்ன, அதான் யோசனை. அமெரிக்காவுல வில்லியம் ஹவுஸ் ஏற்கெனவே அப்படி வெச்சிருந்தாரு, ஆனா ஒரே சேனல், அதாவது கரண்ட் போக ஒரே வழிதான், சத்தம் வந்துச்சு, பேச்சு தெளியல. சுருள்ல ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சத்தம்னா பல இடத்துல தொடணும்ல? ஆனா அந்தச் சுருளுக்குள்ள ஒயர எப்படி சேதமில்லாம நுழைக்கிறது, அதுலயே கிளார்க் மாட்டிக்கிட்டு நின்னாரு.

1977ல கடற்கரையில உக்காந்து ஒரு சுருள் சங்கு ஓட்டுக்குள்ள புல்ல விட்டுப் பாத்திருக்காரு. நுனி வளையணும், போகப்போக வெறைப்பா இருக்கணும், அப்பதான் சறுக்கிக்கிட்டு உள்ள போவுது. நானும் கொல்லையில கெடந்த நத்தை ஓட்டுல லாலான் புல்ல விட்டேன், ஒரே மாதிரி வெறைப்பான ஈர்க்குச்சி மொத வளைவுலயே முட்டி நிக்குது, லாலான் நுனி மடங்கி சுத்திக்கிட்டு போச்சு.

1978 ஆகஸ்ட் 1ம் தேதி மெல்பர்ன்ல அவரோட கருவிய முதல் ஆளுக்கு வெச்சாரு, காக்ளியர் இம்ப்ளான்ட்னு பேரு. இப்ப காதுக்குப் பின்னாடி மாட்டுற கருவி மைக்ல வாங்குன சத்தத்த பிரிச்சு, தோலுக்கு மேல காந்தத்துல ஒட்டுற காயில் வழியா உள்ள அனுப்பும், உள்ள 22 எலக்ட்ரோட் வரைக்கும் இருக்கும். 15,000 செல்லு செஞ்ச வேலைய 22 புள்ளி செய்யுது, அதனால ஆரம்பத்துல எல்லாம் ரோபோ கொரலாத்தான் கேக்குமாம், மூளை கொஞ்சம் கொஞ்சமா பழகி அத அம்மா கொரலா மாத்திக்குது.

அந்த ஓட்ட அப்பா கையில கொடுத்தேன், புல்ல நாலஞ்சு தடவ உருவி உருவி விட்டுப் பாத்துட்டே இருந்தாரு.