அபராதம் கட்டிய வழக்கும் வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பும்

"அந்தக் கேஸ் அப்பவே முடிஞ்சிடுச்சு சார், ஃபைன் கட்டிட்டோம்" என்று சொல்லிக்கொண்டு வரும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது, குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டினீர்களா என்பதைத்தான். பெரும்பாலும் ஆம் என்றே பதில் வருகிறது. திருவிழாத் தகராறு, சாலை மறியல், குடித்துவிட்டுப் பொது இடத்தில் கூச்சலிட்டது போன்ற சிறு வழக்குகளில், வாய்தாவுக்கு அலைய முடியாமல் குற்றவியல் நடுவர் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்திவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த ரசீதை வழக்கு ஒழிந்ததற்கான அத்தாட்சி என்று வீட்டில் பத்திரப்படுத்தியும் வைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது தண்டனைத் தீர்ப்பு. பின்னாளில் வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் "நீதிமன்றத்தால் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?" என்ற கேள்விக்கு நேரே "இல்லை" என்று எழுதும்போது, தாம் எழுதுவது பொய்த் தகவல் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒப்புக்கொள்வதுதான் வழி என்றால்கூட, 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்து விடுவிக்குமாறு நடுவரிடம் கேட்க இடமுண்டு. அச்சட்டத்தின் 3 அல்லது 4ஆம் பிரிவின் கீழ் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஏற்படாது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. தீர்ப்பு தீர்ப்பாகவே நிற்கும், நடத்தையை ஆராயும் உரிமையும் வேலை தரும் நிறுவனத்துக்கு இருக்கும். ஆனாலும் வெறும் அபராதத்தைவிட இது எவ்வளவோ மேல். இதைக் கேட்கும்படி கட்சிக்காரருக்குச் சொல்லாமல் விடுவது வழக்கறிஞர்களாகிய எங்கள் தரப்பில் தொடர்ந்து நடக்கும் குறை என்றே கருதுகிறேன்.

அரசுப் பணியைப் பொறுத்தவரை, முன்வழக்குத் தகவலை மறைப்பது பற்றிய அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016இல் வகுத்த நெறிகளே இன்றும் அடிப்படை. கைது, நிலுவை வழக்கு, விடுதலை, தண்டனை எதுவானாலும் கேட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும். இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் அதை நிறுவனம் மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னவரைக்கூட முன்வரலாற்றை எடைபோட்டு நிராகரிக்கலாம். படிவத்தில் குறிப்பாகக் கேட்கப்படாததைச் சொல்லவில்லை என்று மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது. ஆகவே கேள்வியை நிதானமாகப் படியுங்கள். கைதானதுண்டா என்பதும் தண்டிக்கப்பட்டதுண்டா என்பதும் வெவ்வேறு கேள்விகள். கைதாகிப் பின்னர் வழக்கில் விடுதலையானவர் முதல் கேள்விக்கு "ஆம்" என்று எழுதி, காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், நீதிமன்றம், வழக்கு எண், விடுதலையான தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைப்பதே முறை.

தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர விரும்புவோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். அப்பணிக்கான விதிகளின்படி, சந்தேகத்தின் பலனை அளித்தோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னதாலோ) விடுதலையானவர் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசி, சாட்சிகளைப் பின்வாங்கச் செய்து பெற்ற விடுதலை, ஓட்டப் பந்தயத்திலும் எழுத்துத் தேர்விலும் வென்று வந்த பையனைக் கடைசிக் கட்டத்தில் வெளியே நிறுத்துவதைப் பார்ப்பது மிகவும் வேதனையானது. வழக்கில் உண்மையே இல்லையென்றால், விசாரணைக்குப் போகும் முன்பே உயர் நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கோருவது பற்றி யோசிக்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்கு முன் செய்த குற்றத்துக்காகச் சிறார் நீதிக் குழுமத்தில் முடிந்த வழக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 24ஆம் பிரிவின்படி தகுதியிழப்பு ஆகாது. பதினாறு வயதைக் கடந்தவர் கொடுங்குற்றம் செய்தவர் என்று குழந்தைகள் நீதிமன்றத்தால் முடிவு செய்யப்பட்டது மட்டும் இதற்கு விலக்கு.

தனியார் நிறுவனங்கள் சரிபார்ப்பு முகமைகளிடம் வேலையை ஒப்படைக்கின்றன. முகமைகள் நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் மின்நீதிமன்ற (eCourts) இணையதளத்தில் பெயரைத் தட்டித் தேடுகின்றன. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமில்லாத நம் ஊரில், ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இன்னொருவரின் வழக்கு உங்கள் கணக்கில் ஏறிவிட வாய்ப்பு அதிகம். எனவே வேலை மறுக்கப்பட்டால், அறிக்கையின் நகலை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். அதில் உள்ள வழக்கு எண்ணை வைத்து குற்றம்சாட்டப்பட்டவரின் தந்தை பெயர், வயது, முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டு, வேறுபாட்டை ஆவணத்துடன் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

வழக்கு உங்களுடையதுதான் என்றால், தீர்ப்பு நகலுக்கு இன்றே மனுச் செய்யுங்கள். சிறு வழக்குகளின் கட்டுகள் நீதிமன்ற ஆவண அறையில் குறிப்பிட்ட காலம் மட்டுமே இருக்கும். அதன் பிறகு அழிக்கப்பட்டுவிடும். அப்போது காவல் நிலையப் பதிவேட்டில் குற்ற எண் மட்டும் மிஞ்சும், விடுதலையானதைக் காட்ட உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது.