காட்டுக் குதிரைக்கும் கழுதைக்கும் ஓர் ஆலோசனைக் குழு: அமெரிக்காவில் யார் சேரலாம், என்ன செய்யலாம்?

அமெரிக்க அரசிதழில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு வரும். மேற்கு மாநிலங்களில் திரியும் காட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் என்ன செய்வது என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல ஆட்கள் தேவை, சம்பளம் கிடையாது, விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று. முதல் தடவை படிக்கிறவருக்குச் சிரிப்புதான் வரும். கழுதைக்கு ஒரு கமிட்டியா? ஆனால் இந்தக் கமிட்டிக்குப் பின்னால் ஐம்பது வருடத்துக்கும் மேலான சண்டை இருக்கிறது. அது தெரியாமல் விண்ணப்பம் போட்டால், உள்ளே போன பிறகு திண்டாட வேண்டியதுதான்.

‘காட்டுக் குதிரை’ என்று சட்டம் சொன்னாலும் இவை புலி, மான் மாதிரி ஆதியிலிருந்தே காட்டில் இருந்தவை அல்ல. ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்தவை, பின்னால் பண்ணைக்காரர்களும் ராணுவமும் அவிழ்த்துவிட்டவை, இவற்றின் வழி வந்தவைதான் இன்றைய கூட்டங்கள். கழுதைகளின் கதையும் அப்படியே. தங்கமும் வெள்ளியும் தேடிப் போனவர்கள் மூட்டை சுமக்க வைத்திருந்தார்கள். சுரங்கம் வற்றியதும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அரிசோனாவில் ஓட்மன் என்கிற பழைய சுரங்க ஊரில் அந்தக் கழுதைகளின் வாரிசுகள் இன்றைக்கும் கடைத்தெருவில் சாவகாசமாக நடந்து போகும். அதைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

சட்டம் வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1950ல் நெவாடாவைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண், காலையில் வேலைக்குக் காரில் போகும்போது முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்தார். பின்தொடர்ந்து போனால், உள்ளே அடைத்திருந்தது அடிபட்ட காட்டுக் குதிரைகளை. வெட்டுவதற்கு ஏற்றிப்போகிறார்கள். அன்றிலிருந்து அவர் ஓயவில்லை. மோட்டார் வாகனம், விமானம் கொண்டு இவற்றை வேட்டையாடக் கூடாது என்று 1959ல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாடாளுமன்றத்துக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதிய பிறகு, 1971 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்தில் முழுப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. மத்திய அரசின் நிலத்தில் திரியும் குதிரை, கழுதைகளைப் பொதுவாக உள்துறையின் (அங்கே இது அரசு நிலத்தையும் இயற்கை வளத்தையும் கவனிக்கும் துறை) கீழ் வரும் நில மேலாண்மைப் பணியகமும், காட்டுப் பகுதிகளில் வேளாண் துறையின் கீழ் வரும் வனச் சேவையும் பார்த்துக்கொள்கின்றன. ஒன்பது பேருக்கு மிகாத ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சரி, காப்பாற்றியாயிற்று. அப்புறம் என்ன பிரச்சினை? பெருகிவிட்டன. ஒரு கூட்டத்தை அப்படியே விட்டால் நான்கைந்து வருடத்தில் இரட்டிப்பாகும். பணியகத்தின் நிலம் தாங்கும் என்று அதிகாரிகள் கணக்கிட்டு வைத்திருப்பது சுமார் 25,500. 2020ல் எண்ணிக்கை 95,000ஐத் தாண்டியது. 2024 மார்ச்சில் சுமார் 73,500. ஹெலிகாப்டர் விட்டு ஓட்டிப் பிடித்து, பட்டிகளிலும் குத்தகைப் புல்வெளிகளிலும் வைத்துத் தீனி போடுகிறவை மட்டும் 60,000க்கு மேல். திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்தத் தீனிக்கும் பராமரிப்புக்குமே போய்விடுகிறது. வெளியே இருப்பவற்றுக்குக் கருத்தடை ஊசி போடுவது, தத்துக் கொடுப்பது எல்லாம் மிச்சக் காசில்தான்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் வெளியாட்களைக் கூப்பிடுகிறார்கள். ஒன்பது இடமும் ஒரே மாதிரி அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை உண்டு. காட்டுக் குதிரைகளுக்காகப் பேசுகிறவர், ஜீவகாருண்ய அமைப்பு சார்ந்தவர், கால்நடை மருத்துவர், குதிரை ஆராய்ச்சியாளர், வனவிலங்குத் துறை தெரிந்தவர், மாடு மேய்க்கும் பண்ணைத் தரப்பு, இயற்கை வள மேலாண்மை தெரிந்தவர் என்று போகும். பொதுமக்கள் தரப்புக்கும் இடம் உண்டு. ஒரே புல்லுக்குப் போட்டி போடுகிறவர்களை ஒரே மேஜையில் உட்கார வைப்பதுதான் ஏற்பாடு. வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் உட்காருகிறவருக்குப் பொறுமை வேண்டும்.

பதவிக்காலம் மூன்று வருடம். எல்லோரும் ஒன்றாக வெளியேறாதபடி முறை வைத்திருக்கிறார்கள். பொதுவாக வருடத்துக்கு மூன்று இடம் காலியாகும். ஆகவே அறிவிப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, இந்த வருடம் காலியாவது எந்தத் துறை இடம் என்பதை. கால்நடை மருத்துவர் இடம் காலியில்லாத வருடத்தில் கால்நடை மருத்துவராக விண்ணப்பிப்பது வீண் வேலை. மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேலை செய்கிறவர்களுக்கு இடமில்லை. மத்திய அரசிடம் ஆதரவு திரட்டப் பதிவு செய்துகொண்ட தரகர்களுக்கும் இல்லை.

நமக்கு நாமே பெயர் கொடுக்கலாம், பிறரும் நம்மை முன்மொழியலாம். வழக்கமாக 45 நாள் அவகாசம். படிப்பு, வேலை அனுபவம் பற்றிய குறிப்பு, குதிரை அல்லது கழுதை சம்பந்தமாக என்ன செய்திருக்கிறீர்கள் என்ற விவரம், குறைந்தது ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். கூடவே இரண்டு கேள்விகள் வரும். பணியகத்தின் நிலத்தில் உரிமமோ குத்தகையோ உங்களுக்கு இருக்கிறதா? ஒத்துப்போகாத தரப்புகளோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் உண்டா? மற்ற எதைவிடவும் இந்த இரண்டாவது கேள்விக்கு நேரம் எடுத்து எழுதுங்கள். குதிரைமேல் பாசம் உள்ளவர்கள் நிறையப் பேர் விண்ணப்பிப்பார்கள். எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேசியவர்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். தேர்ந்தெடுப்பது உள்துறை, வேளாண் துறை அமைச்சர்கள்.

கூட்டம் வருடத்துக்கு ஒன்றிலிருந்து நான்கு தடவை. பயணப்படி, தினப்படி உண்டு, அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயம். இந்தக் குழு சொல்லலாம், செய்ய முடியாது. 2016 செப்டம்பரில் நெவாடாவின் எல்கோ ஊரில் கூடியபோது, தத்துப் போகாமல் பட்டியில் கிடந்த சுமார் 45,000 விலங்குகளை நிபந்தனையில்லாமல் விற்றுவிடுங்கள், இல்லையென்றால் கருணைக்கொலை செய்யுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர். செய்தி வெளியானதும் நாடே கொந்தளித்தது. சில நாட்களுக்குள்ளேயே பணியகம், அதைச் செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. ஆரோக்கியமான விலங்கைக் கொல்லவோ, வெட்டுக்கு விற்கவோ பணம் செலவழிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் நிதி ஒதுக்கும்போதே நிபந்தனை போட்டு வந்திருக்கிறது. கடிவாளம் அங்கே இருக்கிறது.

அதற்காகக் குழுவே வெறும் அலங்காரம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒரு தீர்மானத்தால்தான் பட்டியில் எத்தனை விலங்கு அடைந்து கிடக்கிறது என்பது அதுவரை கவனிக்காதவர்களுக்கும் தெரியவந்தது.

இடம் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. ஆலோசனைக் குழுக்களுக்கான 1972ஆம் வருடச் சட்டப்படி கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. தேதியைக் குறைந்தது 15 நாள் முன்னால் அரசிதழில் போட்டாக வேண்டும். பொதுமக்கள் பேசவும் நேரம் ஒதுக்குவார்கள். ஆளுக்குச் சில நிமிடம்தான் என்பதால், சொல்ல வந்ததை எழுதியும் கொடுத்துவிடுவது நல்லது.